மாற்றியமைக்கப்பட்ட சூப்பர்சார்ஜர் எஞ்சின்களில் குதிரைத்திறன் அளவீடு

சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சினின் கிராங்க் தண்டிலிருந்து பட்டை அல்லது பற்சக்கரம் மூலம் இயக்கப்பட்டு, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி ஆகும். கூடுதல் காற்று கிடைப்பதால் கூடுதல் எரிபொருளை எரிக்க முடிகிறது, திறன் உயர்கிறது. இத்தகைய எஞ்சினை மாற்றியமைத்தபின் கூறப்படும் குதிரைத்திறன் எண், அது எந்த இடத்தில், எந்த நிலைமையில் அளக்கப்பட்டது என்பதைப் பொறுத்துப் பெரிதும் மாறுபடும்.

அலகு

ஜேம்ஸ் வாட் தமது நீராவி எஞ்சின்களைக் குதிரைகளுடன் ஒப்பிட்டுக் காட்ட இந்த அலகைப் பயன்படுத்தினார். ஒரு குதிரைத்திறன் என்பது நிமிடத்திற்கு 33,000 அடி-பவுண்டு வேலை, அதாவது சுமார் 745.7 வாட் ஆகும். மெட்ரிக் குதிரைத்திறன் 735.5 வாட் மட்டுமே. எனவே 707 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின், மெட்ரிக் அளவில் 717 எனக் குறிக்கப்படும்.

கணக்கிடும் முறை

டைனமோமீட்டர் முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் கொண்டு திறனைக் கணக்கிடுகிறது. நியூட்டன் மீட்டரில் உள்ள முறுக்குவிசையை நிமிடச் சுழற்சிகளால் பெருக்கி 9,549 ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 6,000 சுழற்சியில் 700 நியூட்டன் மீட்டர் இருந்தால் திறன் சுமார் 440 கிலோவாட், அதாவது 590 குதிரைத்திறன்.

அளக்கும் இடம்

எஞ்சின் டைனமோமீட்டர், காரிலிருந்து கழற்றிய எஞ்சினின் திறனைக் கிராங்க் தண்டில் அளக்கிறது. சேசிஸ் டைனமோமீட்டரில் காரின் சக்கரங்கள் உருளைகளைச் சுழற்றுகின்றன. கியர்பெட்டி, டிஃபரன்ஷியல், டயர் ஆகியவற்றின் இழப்பு போக எஞ்சியதே இங்கு பதிவாகிறது.

சக்கரத்தில் 600 குதிரைத்திறன் பதிவானதாகக் கொள்வோம். இழப்பு 12 விழுக்காடு என்று எடுத்துக்கொண்டால் எஞ்சினின் திறன் 682. 18 விழுக்காடு என்றால் 732. காரில் எதுவும் மாறாமலே 50 குதிரைத்திறன் கூடிவிடுகிறது. ஆகவே சக்கரத்தில் பெற்ற எண்ணை அப்படியே கூறுவதே நேர்மையான முறை.

சூப்பர்சார்ஜர் எடுத்துக்கொள்ளும் திறன்

2015ஆம் ஆண்டு மாதிரியான டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட் காரின் 6.2 லிட்டர் எஞ்சின் 707 குதிரைத்திறன் தருகிறது. அதன் சூப்பர்சார்ஜரை முழு வேகத்தில் சுழற்றுவதற்கே சுமார் 80 குதிரைத்திறன் தேவைப்படுகிறது. 707 என்பது அது போக வெளிவரும் திறன். சூப்பர்சார்ஜருக்குச் சிறிய கப்பியைப் பொருத்தினால் அது வேகமாகச் சுழன்று காற்றழுத்தத்தை உயர்த்தும். அதே நேரத்தில் அதை இயக்கத் தேவையான திறனும், காற்றின் வெப்பமும் உயரும். எனவே அழுத்தம் உயர்ந்த அதே விகிதத்தில் வெளிவரும் திறன் உயர்வதில்லை.

வெப்பமும் திருத்தக் காரணியும்

அடுத்தடுத்துச் சோதனை செய்யும்போது சூப்பர்சார்ஜரும் இன்டர்கூலரும் சூடேறுகின்றன. உள்ளே செல்லும் காற்று வெப்பமடைந்தால் அதன் அடர்த்தி குறையும்; நாக்கிங் எனப்படும் முறையற்ற எரிதலைத் தவிர்க்க எஞ்சின் கணினி தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளும். இதனால் முதல் சோதனையைவிட மூன்றாம் சோதனையில் திறன் குறைவாகப் பதிவாகலாம்.

வானிலை வேறுபாட்டை ஈடுசெய்யத் திருத்தக் காரணி பயன்படுகிறது. எஸ்ஏஇ ஜே1349 தரம் 25 பாகை செல்சியசையும் 99 கிலோபாஸ்கல் உலர்காற்று அழுத்தத்தையும் அடிப்படையாகக் கொள்கிறது. எஸ்டிடி எனப்படும் பழைய முறை குளிர்ந்த காற்றை அடிப்படையாகக் கொள்வதால், அதே சோதனைக்குச் சுமார் 4 விழுக்காடு அதிகமான எண்ணைத் தரும்.

ஒப்பிடும் முறை

மாற்றத்தின் பயனை அறிய, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அதே டைனமோமீட்டரில், அதே கியரில், அதே எரிபொருளுடன், அதே திருத்தக் காரணியில் அளக்க வேண்டும். உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். காற்று-எரிபொருள் விகிதத்தையும் உடன் பதிவு செய்வது அவசியம். உயர் அழுத்தத்தில் எரிபொருள் பற்றாக்குறை ஏற்பட்டால், திறன் நன்றாகப் பதிவாகும் அதே சோதனையிலேயே பிஸ்டன் சேதமடையக்கூடும்.