நாளேடும் அதிகாரமும்: தரவுத்தளக் கணக்காய்வு பற்றிய ஒரு நோக்கு

கணக்கியலில் 'நாளேடு' என்னும் எண்ணக்கரு பழைமையானது. இத்தாலியக் கணிதவியலாளரான லூக்கா பாசியோலி, 1494 இல் வெளியிட்ட நூலில், கொடுக்கல் வாங்கல்கள் பேரேட்டிற் சேர்க்கப்படுமுன் நாளேட்டில் எழுதப்படும் முறையை விளக்கினார். இன்றைய தரவுத்தளங்களும் இந்நெறியையே தழுவுகின்றன. மாற்றமொன்று நிலைபெறுமுன், அது நாளேட்டிற் பதியப்படுகின்றது. இயந்திரம் பழுதுற்றால், இறுதியாக எடுத்த பிரதியின்மீது அப்பதிவுகளை வரிசைப்படி மீளச் செயற்படுத்தி இழந்ததை மீட்கலாம்.

ஆயினும், மீட்பு நாளேடும் செயற்பாட்டுக் கணக்காய்வும் ஒன்றல்ல. முன்னையது யாது மாறிற்று எனக் கூறும். பின்னையது யார், எப்போது, எவ்விடத்திலிருந்து, எவ்வதிகாரத்துடன் மாற்றினார் எனக் கூறும். நிறுவனமொன்றின் உயிர்நாடியான சேவையகத்துக்குத் திட்டமிடுவோர் சில வினாக்களுக்கு முன்கூட்டியே விடை காணல் வேண்டும். எவற்றைப் பதிவது? அனைத்தையும் பதிந்துவிட்டு எதனையும் படியாதிருப்பதாற் பயனில்லை. எங்கே வைப்பது? தரவுள்ள வட்டிலேயே நாளேடும் இருப்பின், வட்டு அழியும்போது இரண்டும் அழியும். எவ்வளவு காலம் பேணுவது? எல்லாவற்றினும் மேலாக, தரவை மாற்ற வல்லவரே பதிவையும் திருத்த வல்லவராக இருக்கலாமா?

இவ்விறுதி வினா வெறும் தொழினுட்ப வினாவன்று. பிரித்தானியத் தபாலகம் 1999 தொடக்கம் நிறுவிய 'ஹொறைசன்' கணினி முறைமை இதற்குச் சான்றாகும். அது காட்டிய பற்றாக்குறைகளை ஆதாரமாகக் கொண்டு, 1999 க்கும் 2015 க்கும் இடையில் 900 க்கு மேற்பட்ட உப தபாலதிபர்களும் ஊழியர்களும் களவு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். முறைமையில் வழுக்கள் இருந்தமையையும், அதனை இயக்கிய பியூஜித்சு நிறுவனத்தார் உப தபாலதிபர் அறியாமலே கிளைக் கணக்குகளைத் தொலைவிலிருந்து மாற்ற வல்லவராயிருந்தமையையும் 2019 இல் உயர் நீதிமன்றம் உறுதிப்படுத்திற்று. 2021 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைகளை ஒருசேர நீக்கிற்று. 2024 இல் நாடாளுமன்றம் ஏனைய பலரின் தண்டனைகளை நீக்கத் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டியது யாதெனில், கணக்காய்வுப் பதிவுகள் இல்லாதிருக்கவில்லை என்பதே. அவை நிறுவனத்தின் கையில் இருந்தன. குற்றஞ்சாட்டப்பட்டவர் கையில் இல்லை. பற்றாக்குறையை ஈடுசெய்யும் பொறுப்பை ஒப்பந்தம் உப தபாலதிபர்மீது சுமத்திற்று. அதன் காரணத்தை ஆராயும் வழியை அவருக்கு அளிக்கவில்லை. கணினி ஒழுங்காக இயங்கிற்று என நிறுவவேண்டும் என்ற 1984 ஆம் ஆண்டின் சட்ட ஏற்பாட்டையும் 1999 ஆம் ஆண்டுச் சட்டமொன்று நீக்கியிருந்தது. தபாலகமோ அரசுக்கு உரியது. எனவே உடைமை பொதுவாயிருத்தல் மட்டும் போதாது. பதிவின்மீதான கட்டுப்பாடும் பொதுவாதல் வேண்டும்.

உற்பத்தி சமூகத்தன்மை பெறுந்தோறும் கணக்குவைத்தல் மேலும் இன்றியமையாததாகும் என்றும், கூட்டு உற்பத்தியில் அது முதலாளித்துவ உற்பத்தியிலும் பார்க்க அவசியமானதென்றும் மார்க்ஸ் 'மூலதனம்' இரண்டாம் தொகுதியிற் சுட்டினார். ஆகவே நாம் எதிர்க்க வேண்டியது பதிவை அன்று. அது ஒரு பக்கத்தாரின் தனியுரிமையாதலையே. பதியப்படுபவருக்கும் பதிவைக் காணும் உரிமை உண்டு என்பது கணக்காய்வுத் திட்டத்தின் முதல் விதியாதல் வேண்டும்.