கணினியின் திறப்பு யார் கையில்?

கிளிநொச்சி மாவட்டத்தில் நான் மாதம் ஒரு முறை சென்றுவரும் பெண்கள் அமைப்பு ஒன்று உள்ளது. மிளகாய்த்தூள், அரிசிமா, ஒடியல்மா, பனங்கட்டி ஆகியவற்றைப் பொதிசெய்து கடைகளுக்கு விற்கிறார்கள். உறுப்பினர்களில் பெரும்பாலானோர் தனியே குடும்பத்தைத் தாங்குபவர்கள். யுத்தத்தில் கணவரை இழந்தவர்களும் இருக்கிறார்கள். 2009 ஆம் ஆண்டிற்குப் பின் கணவர் எங்கே என்று தெரியாமல் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

இவர்களுடைய அலுவலகம் ஓர் அறைதான். அதில் ஒரு மேசைக் கணினி, ஒரு மடிக்கணினி, ஓர் அச்சு இயந்திரம். ஒரு நாள் நான் உள்ளே போனபோது கணக்கெழுதும் தங்கை கதிரையை விட்டு எழும்பிச் சுவரோடு நின்றுகொண்டிருந்தார்.

"மிஸ், நான் ஒண்டையும் தொடேல்லை. அம்பு தானா ஓடுது" என்றார்.

உண்மைதான். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. ஒரு கோப்பு திறந்து மூடியது. சிறிது நேரத்தில் எல்லாம் நின்றுவிட்டது. அதற்குள் தலைவி அக்கா வந்துவிட்டார்.

"அது ரவுண் கடைத் தம்பியாத்தான் இருக்கும். போன வருசம் பிரின்டர் வேலை செய்யேல்லை எண்டு சொன்னனாங்கள். அங்கை இருந்துகொண்டே திருத்தலாம் எண்டு ஒண்டைப் போட்டுவிட்டவர்."

கடைக்குத் தொலைபேசி எடுத்தோம். அந்தத் தம்பி மூன்று மாதங்களுக்கு முன்பே வெளிநாடு போய்விட்டார். ஆனால் எங்கள் கணினியின் இலக்கமும் கடவுச்சொல்லும் கடைக் கொப்பியில் எழுதியபடி இருந்தன. புதிதாக வேலைக்கு வந்தவர் வேறொரு வாடிக்கையாளரின் இலக்கம் என்று நினைத்து எங்களுடையதைத் திறந்துவிட்டார். "தவறி வந்திட்டன் அக்கா, குறை நினைக்காதேங்கோ" என்றார். அவர் பொய் சொல்லியதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தக் கொப்பியை இத்தனை மாதங்களில் யார் யார் பார்த்தார்கள் என்பதற்கு அவரிடமும் பதில் இல்லை.

அன்று மாலை உறுப்பினர்கள் கூடியபோது ஓர் அக்கா எழும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "என்ர அவற்ரை கடிதங்களும் அதுக்குள்ளையோ இருக்கு?"

இருந்தன. உறுப்பினர்களின் அடையாள அட்டை இலக்கங்களும் வங்கிக் கணக்கு இலக்கங்களும் இருந்தன. அவற்றோடு, காணாமற்போன கணவர்மார் பற்றிக் கொடுத்த முறைப்பாட்டுக் கடிதங்களின் பிரதிகளும் ஒரு காலத்தில் உதவிக்காக எடுத்து வைக்கப்பட்டு அப்படியே கிடந்தன. நிவாரண அட்டை, குடும்பப் பதிவு, சோதனைச் சாவடி என்று பட்டியல்களுக்குள்ளேயே எங்கள் பெண்கள் வாழ்ந்து வந்திருக்கிறார்கள். ஒரு பட்டியல் யாருடைய கையில் இருக்கிறது என்ற கேள்வியின் பாரத்தை அவர்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நான் படித்தது சமூகவியல். எனவே கணினி கற்பிக்கும் விரிவுரையாளர் ஒருவரிடம் பல தடவை கேட்டறிந்தும் தேடி வாசித்தும்தான் இவற்றை அறிந்துகொண்டேன். சிறு தொழில் செய்யும் எங்கள் வாசகிகள் பலரிடமும் இன்று ஒரு கணினியாவது இருப்பதால் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

வேலியும் திறப்பும்

கடைக்காரர்கள் "என்ட்பொயின்ற் செக்கியூரிற்றி" என்று சொல்வது, நாம் கையால் பாவிக்கும் ஒவ்வொரு கணினியையும் கைத்தொலைபேசியையும் காக்கும் ஏற்பாட்டை. வைரஸ் தடுப்பு மென்பொருள் அதன் முக்கிய பகுதி. "ரிமோட் அக்சஸ்" என்பது வேறு. தூரத்தில் இருக்கும் ஒருவர் உங்கள் கணினியைத் தன் கணினியிலிருந்து இயக்குவதற்கான மென்பொருள் அது. டீம்வியூவர், எனிடெஸ்க் என்பன இவ்வகையில் பலரும் கேள்விப்பட்ட பெயர்கள்.

இந்த இரண்டையும் தனித்தனியே தெரிவுசெய்வதுதான் நாம் விடும் பிழை. வைரஸ் தடுப்பு மென்பொருள் வேலி பாய்ந்து வருபவனைப் பார்த்துக் குரைக்கும். தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளோ நாமே கொடுத்த படலைத் திறப்பு. திறப்போடு வருபவரை நாய் குரைப்பதில்லை. எங்கள் கணினியிலும் வைரஸ் தடுப்பு இருந்தது. அது சரியாக வேலை செய்துகொண்டும் இருந்தது. ஆனாலும் அன்று அது ஒரு எச்சரிக்கையும் தரவில்லை. நாமே அனுமதித்த மென்பொருளை அது எதிரியாகக் கருதவில்லை.

எந்த வைரஸ் தடுப்பு?

முதலில் கணினியின் வயதைப் பாருங்கள். விண்டோஸ் 7 இற்கான ஆதரவு 2020 ஜனவரி 14 உடனும், விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடனும் முடிந்துவிட்டன. "அப்டேற்" எனப்படும் பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் எவ்வளவு விலையான மென்பொருளைப் போட்டாலும் அது உக்கிய கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டது போலத்தான். 2017 மே மாதம் "வன்னாக்ரை" என்ற, கோப்புகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்கும் வைரஸ் 150 நாடுகள் வரை பரவியது. பிரித்தானியாவில் வைத்தியசாலைகளின் வேலைகள் தடைப்பட்டன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. திருத்தத்தைப் போடாத கணினிகளே அகப்பட்டன.

அடுத்தது, கையில் இருப்பதைப் பாருங்கள். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றுடன் டிபென்டர் என்ற வைரஸ் தடுப்பு இலவசமாகவே வருகிறது. இரண்டு மூன்று கணினிகள் உள்ள அமைப்புக்கு, அது இயங்கிக்கொண்டும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டும் இருந்தால் அதுவே நல்ல ஆரம்பம். வேறொன்றைப் போட்டால் டிபென்டர் வழமையாக ஒதுங்கிவிடும். இரண்டு வைரஸ் தடுப்புகளை ஒன்றாக ஓடவிட்டால் கணினி ஆமை வேகத்தில் நகருமே தவிரப் பாதுகாப்பு இரட்டிப்பாகாது.

காசு கொடுத்து வாங்குவது எப்போது? பத்துப் பன்னிரண்டு கணினிகள் இரண்டு மூன்று இடங்களில் இருந்து, எது புதுப்பிக்கப்படவில்லை, எதில் வைரஸ் பிடித்தது என்பதை ஒரே இடத்தில் பார்க்க வேண்டி வந்தால் வாங்கலாம். விற்பவரின் பேச்சை மட்டும் கேட்காமல், ஜேர்மனியின் ஏ.வி.-டெஸ்ட், ஒஸ்திரியாவின் ஏ.வி.-கொம்பரேட்டிவ்ஸ் ஆகிய பரிசோதனை நிறுவனங்கள் வெளியிடும் முடிவுகளைத் தெரிந்த பிள்ளைகளைக் கொண்டு பார்ப்பியுங்கள். கட்டணம் பெரும்பாலும் ஒரு கணினிக்கு ஒரு வருடம் என்ற கணக்கில் வரும். முதல் வருட விலையை மட்டும் கேட்காமல் இரண்டாம் வருட விலையையும் கேளுங்கள். நிதி தருபவர் ஒரு வருடத்திற்கு வாங்கித் தந்துவிட்டுப் போனபின் காலாவதியான மென்பொருளோடு இருக்கும் அலுவலகங்களை நான் கண்டிருக்கிறேன்.

பெரிய நிறுவனங்கள் கணினியின் நடத்தையையே நாள் முழுதும் கண்காணிக்கும் மென்பொருட்களை வாங்குகின்றன. அவை நல்லவைதான். ஆனால் எச்சரிக்கை வரும்போது எழும்பிப் பார்க்க ஆள் இருக்க வேண்டும். பார்க்க ஆளில்லாத இடத்தில் அது வீண் செலவு. எதை வாங்கினாலும், உடைத்த களவுப் பிரதியை மட்டும் போடாதீர்கள். பூட்டை உடைத்துத் தந்தவன் உள்ளே எதை வைத்துத் தந்தான் என்பது உங்களுக்குத் தெரியாது.

தூரத்து உதவி தேவைதானா?

இதுவே முதற் கேள்வி. மாதம் ஒரு தடவை திருத்துபவர் நேரில் வந்து போக முடியுமென்றால் இந்த மென்பொருளே வேண்டியதில்லை. இல்லாத ஒன்றை யாரும் களவாகப் பாவிக்க முடியாது.

தேவைதான் என்றால் இருவகை உண்டு. ஒன்று, நீங்கள் முன்னால் இருந்து அனுமதித்தால் மட்டும் திறப்பது. மற்றது, ஆளில்லாத நேரத்திலும் நிரந்தரக் கடவுச்சொல்லால் திறப்பது. எங்களுக்கு அந்தத் தம்பி போட்டது இரண்டாவது வகை. சிறு அமைப்புகளுக்கு முதலாவதே போதும். விண்டோஸ் கணினிகளுக்கு மைக்ரோசொப்ட் நிறுவனமே தரும் குயிக் அசிஸ்ட் இந்த வகையானது. உதவுபவர் ஓர் இலக்கத்தைச் சொல்ல வேண்டும். நீங்கள் அதை அடித்து, பார்க்கவும் இயக்கவும் அனுமதி கொடுத்தால்தான் அவர் உள்ளே வரலாம். வேலை முடிந்து மூடினால் அந்த இலக்கம் பிறகு உதவாது.

வேறொன்றைத் தெரிவதானால் இவற்றைக் கேட்டறியுங்கள்:

1. வியாபாரத்திற்குப் பாவிக்க அனுமதி உண்டா? டீம்வியூவரின் இலவசப் பதிப்பு தனிப்பட்ட பாவனைக்கு மட்டுமே உரியது. தொழிலுக்குப் பாவித்தால் கட்டணம் கட்ட வேண்டும்.

2. கடவுச்சொல்லோடு, கைத்தொலைபேசிக்கு வரும் இரண்டாவது உறுதிப்படுத்தலும் வைக்கலாமா?

3. யார், எந்த நாள், எத்தனை மணிக்கு உள்ளே வந்தார் என்ற பதிவு இருக்குமா?

4. ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவருடைய அனுமதியை மட்டும் நாமே நிறுத்தலாமா?

5. குறிப்பிட்ட கணினிகளிலிருந்து மட்டும் வரலாம் என்று மட்டுப்படுத்த முடியுமா?

விண்டோஸின் "ரிமோட் டெஸ்க்ரொப்" வசதியை இணையத்திற்கு நேரே திறந்துவிட யாராவது ஆலோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். கப்பம் கேட்பவர்கள் நுழையும் வழமையான வாசல்களில் அதுவும் ஒன்று.

நல்ல பெயருள்ள மென்பொருளுக்கும் ஆபத்து வரலாம். தமது கணினிக் கட்டமைப்பினுள் அந்நியர் புகுந்ததை எனிடெஸ்க் நிறுவனம் 2024 பெப்ரவரியில் அறிவித்தது. 2021 ஜூலையில் கசேயா என்ற அமெரிக்க நிறுவனத்தின் தொலைநிர்வாக மென்பொருளினூடாகக் கப்ப வைரஸ் பரவியபோது, சுவீடனில் கூப் என்ற பல்பொருள் அங்காடியின் கிட்டத்தட்ட 800 கடைகள் மூடவேண்டி வந்தன. கூப் நேரடியாகக் குறிவைக்கப்படவில்லை. அதன் காசு இயந்திரங்களைப் பராமரித்தவர்களுடைய பக்கத்தால் ஆபத்து வந்தது. எங்கள் கடைக் கொப்பியின் கதையும் சிறிய அளவில் இதுதான்.

ஒரு தொலைபேசி அழைப்பு

சகோதரிகளே, இதை வீட்டிலும் சொல்லுங்கள். "வங்கியிலிருந்து கதைக்கிறோம், உங்கள் கணக்கில் பிரச்சினை, இந்த அப்பைப் போடுங்கள்" என்று யாராவது அழைத்தால் உடனே வைத்துவிடுங்கள். அவர் போடச் சொல்வது பெரும்பாலும் இதே வகை மென்பொருள்தான். போட்டுவிட்டால் உங்கள் திரையில் வரும் ஓ.ரி.பி. இலக்கமும் அவருக்குத் தெரியும். நீங்கள் அழைக்காத ஒருவர் உங்கள் கணினியையோ கைத்தொலைபேசியையோ திருத்தித் தர முன்வந்தால் அது உதவி அல்ல. சந்தேகமாக இருந்தால் வங்கிப் புத்தகத்தில் உள்ள இலக்கத்திற்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

பிரதி எடுத்து வையுங்கள்

எல்லாப் பாதுகாப்பும் ஒரு நாள் தவறலாம். 2023 ஓகஸ்டில் எமது நாட்டு அரசாங்க மின்னஞ்சல் சேவையே கப்ப வைரஸினால் தாக்கப்பட்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. சுமார் 5000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அந்தக் காலத்திற்கான பிரதி இருக்கவில்லை. எனவே வாரம் ஒரு முறை கணக்குகளை வெளி வன்தட்டில் பிரதி எடுங்கள். எடுத்தவுடன் கழற்றி வேறிடத்தில் வையுங்கள். கணினியோடு கொழுவியபடி இருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்பட்டுவிடும்.

அனுமதியின்றி ஒருவர் கணினிக்குள் நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றமாகும். பிறருடைய விபரங்களை வைத்திருப்போரின் கடமைகளை 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. ஏதும் நடந்தால் 101 என்ற இலக்கத்தில் இலங்கை சேர்ட் நிறுவனத்தை அழைத்து ஆலோசனை பெறலாம்.

நாங்கள் செய்தது

அடுத்த கூட்டத்தில் அமைப்பினரே தீர்மானித்தார்கள். பழைய மென்பொருளை நீக்கி, எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினார்கள். டிபென்டரையே வைத்துக்கொண்டார்கள். நாளாந்த வேலைக்கு, புதிய மென்பொருள் போடும் அதிகாரம் இல்லாத ஒரு சாதாரண பயனர் கணக்கைத் திறந்தார்கள். தூரத்து உதவி தேவைப்பட்டால் குயிக் அசிஸ்ட் மட்டும். அப்போதும் ஓர் உறுப்பினர் முடியும்வரை கதிரையில் இருந்து பார்க்க வேண்டும். திகதியும் நேரமும் கொப்பியில் எழுதப்படும். பிரதி எடுத்த வன்தட்டு பொருளாளரின் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. இவ்வளவிற்கும் செலவானது அந்த வன்தட்டின் விலை மட்டுமே.

கடைசித் தீர்மானம் மென்பொருள் பற்றியது அல்ல. மிளகாய்த்தூள் விற்பதற்கு ஒருவருடைய முறைப்பாட்டுக் கடிதம் தேவையில்லை. அந்தக் கடிதங்களை அச்சிட்டு, உரியவர்களின் கையில் கொடுத்துவிட்டுக் கணினியிலிருந்து அழித்தோம். கேள்வி கேட்ட அக்கா தன்னுடையதை வாங்கி, ஒவ்வொரு தாளாக எண்ணிப் பார்த்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"இனி ஆர் கேட்டாலும் நான் பார்த்துக் குடுப்பன்" என்றார்.

நீங்களும் நாளைக்கு அலுவலகம் போனதும் இரண்டு விடயங்களைப் பாருங்கள். எங்கள் கணினியை வெளியிலிருந்து திறக்கக்கூடியவர் யார்? எங்களுக்குத் தேவையில்லாத யாருடைய விபரம் அதற்குள் கிடக்கிறது? எதை வாங்குவது என்ற கேள்வி அதற்குப் பிறகு இலகுவாகிவிடும்.