ரப்பர் சொன்ன சாட்சி

ஜன்னல் இல்லாத அறை. கதவு பூட்டியிருக்கிறது. பள்ளி விட்டாயிற்று, பிள்ளைகள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். உள்ளே சில ஆசிரியர்கள், கையில் பென்சிலும் ரப்பருமாக. எதிரே அன்று காலை நடந்த தேர்வின் விடைத்தாள்கள். தப்பான வட்டத்தை அழிக்கிறார்கள், சரியான வட்டத்தைக் கறுப்பாக்குகிறார்கள். முடிந்ததும் அடுத்த தாள்.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், வெனிஷியன் ஹில்ஸ் என்ற தொடக்கப் பள்ளியில் நடந்தது இது. மாநிலத் தேர்வு நடக்கும் வாரத்தில் மதியந்தோறும் நடந்தது. அந்த அறைக்குள் யாரை வேண்டுமானாலும் விட்டுவிடவில்லை. உள்ளே போனவர்களுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.' அதே நகரின் கிடியன்ஸ் தொடக்கப் பள்ளியில் இன்னும் வசதியான ஏற்பாடு. விடைத்தாள்களை ஓர் ஆசிரியர் வீட்டுக்கே கொண்டுபோய், சனி ஞாயிறில் கூட்டமாக உட்கார்ந்து திருத்தினார்கள்.

காப்பியடிக்கும் மாணவனை வாத்தியார் பிடித்த கதைகள் நமக்கு நிறையத் தெரியும். வாத்தியார்களைப் பிடிக்க மாநிலப் புலனாய்வுத் துறையே பள்ளிக்கூடங்களுக்குள் இறங்கிய கதை இது.

மேடையில் யார், மாடத்தில் யார்?

2002 ஜனவரியில் அன்றைய அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஒரு கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். எந்தக் குழந்தையும் பின்தங்கிவிடக் கூடாது என்பதுதான் அதன் பெயரே. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு. 2014க்குள் நூற்றுக்கு நூறு பேரும் தேர்ச்சி பெற்றாக வேண்டும். முன்னேற்றம் காட்டாத பள்ளிக்குப் படிப்படியாக நெருக்கடி. கடைசியில் நிர்வாகமே மாறிப்போகும்.

நல்ல எண்ணம்தான். ஏழைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாமல் வகுப்பு ஏறிக்கொண்டிருந்ததை அதுவரை பள்ளி பள்ளியாக எண்ணிப் பார்த்தது அரிது. இந்தச் சட்டம் எண்ண வைத்தது. ஆனால் எண்ணிக்கையோடு தண்டனையையும் சேர்த்துக் கட்டியது.

அட்லாண்டா அதன் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டது. 1999ல் நகரப் பள்ளிகளின் தலைமை அதிகாரியாக வந்த பெவர்லி ஹால், ஒவ்வொரு பள்ளிக்கும் தனி இலக்கு வைத்தார். எட்டினால் பள்ளி ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை. எட்டாத தலைமை ஆசிரியருக்கு மூன்று ஆண்டு கெடு. சாக்குப்போக்குச் சொல்ல இடமே கிடையாது. ஆண்டுதோறும் ஜார்ஜியா டோம் விளையாட்டரங்கில் எல்லா ஆசிரியர்களையும் கூட்டுவார்கள். இலக்கை எட்டிய பள்ளியின் ஆசிரியர்களுக்குக் கீழே, மேடைக்குப் பக்கத்தில் இடம். எட்டாதவர்கள் மேலே, தூரத்து மாடங்களில். எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தே பிள்ளைகளின் மதிப்பெண்ணைச் சொல்லிவிடலாம். ஒரு பள்ளியின் ஆசிரியர் கூட்டத்தில், மதிப்பெண் குறைந்த வகுப்பின் ஆசிரியரை மேசைக்கடியில் தவழ வைத்தார் தலைமை ஆசிரியர் என்பது பின்னால் விசாரணையில் வெளிவந்தது.

இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று இலக்கின் கணக்கிலேயே ஒளிந்திருந்தது. இந்த ஆண்டு எடுத்த மதிப்பெண்ணிலிருந்து ஏறித்தான் அடுத்த ஆண்டு இலக்கு. ஒருமுறை பொய்யாக ஏற்றிவிட்டால், அடுத்த முறை அந்தப் பொய்க்கும் மேலே ஏற வேண்டும். மூன்றாம் வகுப்பில் ரப்பர் வேலை நடந்திருந்தால் நான்காம் வகுப்பு ஆசிரியர் கதி என்ன? தாளில் 'மிகச் சிறப்பு' என்றிருக்கும் பிள்ளை, எதிரே நின்று எழுத்துக் கூட்டித் திணறும். உண்மையைச் சொன்னால் மதிப்பெண் சரிந்த பழி அவர் தலையில். ஒன்று அவரும் ரப்பரை எடுக்க வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும். நேர்மையாகப் பாடம் நடத்தியவர்தான் அங்கே முதலில் தோற்றார்.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அட்லாண்டா அதிசயமாகத் தெரிந்தது. 2009ல் நாட்டின் தலைசிறந்த கல்வி அதிகாரி விருது ஹாலுக்குக் கிடைத்தது. பதவிக்காலத்தில் அவர் பெற்ற ஊக்கத்தொகை மட்டும் 5 லட்சம் டாலருக்கு மேல்.

அழித்த இடம் பேசியது

முதலில் சந்தேகப்பட்டது ஒரு செய்தித்தாள். அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலத்தில் அப்போது ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வாசிப்பிலும் கணக்கிலும் தேறினால்தான் அடுத்த வகுப்பு. தவறினால் கோடையில் மறுதேர்வு. 2008 கோடையில் சில பள்ளிகளின் மதிப்பெண்கள் வசந்த காலத்துத் தேர்விலிருந்து தாவிய தாவலை 'அட்லாண்டா ஜர்னல் கான்ஸ்டிடியூஷன்' நாளிதழ் எடுத்துப் பார்த்தது. சில வாரங்களில் எந்த வகுப்பும் அவ்வளவு ஏறாது. மாநில அரசு தாள்களை எடுத்துச் சோதித்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஊர் ஓ.எம்.ஆர். தாளில் கறுப்புப் பால்பாயின்ட் பேனாவால் வட்டத்தை நிரப்பிவிட்டால் முடிந்தது கதை. அங்கே அப்போது சின்னப் பிள்ளைகள் பென்சிலால் நிரப்பினார்கள். தப்பென்று தோன்றினால் அழித்துக்கொண்டார்கள். ஆனால் எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் ஒரு சாம்பல் நிழல் மிஞ்சும். விடையைப் படிக்கும் ஸ்கேனர் அந்த நிழலையும் படிக்கும். எத்தனை இடத்தில் அழித்திருக்கிறது, அதில் எத்தனை தப்பிலிருந்து சரிக்கு மாறியிருக்கிறது என்று எண்ணிச் சொல்லிவிடும்.

சாதாரணமாக ஒரு பிள்ளை ஒரு தேர்வில் அழித்து மாற்றுவது ஓரிரண்டு இடத்தில்தான். அதுவும் எல்லாம் சரியாகவே மாறிவிடாது. சரியை அழித்துத் தப்பாக்கும் பிள்ளைகளும் உண்டு. ஒரு வகுப்பு முழுக்க, தப்பெல்லாம் சரியாகவே மாறியிருந்தால்? பத்தாம் வகுப்புக் கணக்கில் நாம் படித்த திட்ட விலக்கம் இங்கே வேலைக்கு வந்தது. மாநிலச் சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கம் விலகுவது தற்செயலாக நடக்க ஏறக்குறைய 370ல் ஒரு வாய்ப்பு. ஐந்து என்றால் பத்து லட்சத்தில் ஒன்றுகூடத் தேறாது. அட்லாண்டாவில் சில வகுப்புகள் இருபதையும் தாண்டி நின்றன.

நகரப் பள்ளி நிர்வாகம் மறுத்தது. தானே ஒரு குழு போட்டு, குறை பன்னிரண்டு பள்ளிகளில்தான் என்று முடித்துவைக்கப் பார்த்தது. ஆளுநர் சோனி பெர்டு அதை ஏற்கவில்லை. 2010 ஆகஸ்டில் முன்னாள் மாநில அட்டர்னி ஜெனரல் மைக் பவர்ஸ் உள்ளிட்ட மூவரைச் சிறப்பு விசாரணைக்கு நியமித்தார்.

எண்கள் பேசின, மனிதர்கள் பேசவில்லை. பேசியவர்கள் பட்ட பாட்டை எல்லோரும் பார்த்திருந்தார்கள். கடைசியில் வெனிஷியன் ஹில்ஸின் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் உடைந்து எல்லாவற்றையும் சொன்னார். உடைக்குள் ஒலிப்பதிவுக் கருவியை மறைத்துக்கொண்டு மறுபடி பள்ளிக்குப் போய், உடன் வேலை செய்தவர்களின் பேச்சைப் பதிவு செய்யவும் சம்மதித்தார். அதன்பின் ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

2011 ஜூலையில் வந்த அறிக்கை, ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44ல் முறைகேடு நடந்ததாகச் சொன்னது. 178 பேர் மீது குற்றச்சாட்டு. அவர்களில் 38 பேர் தலைமை ஆசிரியர்கள். 82 பேர் ஒப்புக்கொண்டார்கள்.

வகுப்பறையிலிருந்து கைவிலங்குக்கு

2013 மார்ச்சில் ஹாலையும் சேர்த்து 35 பேர் மீது வழக்கு. மாஃபியாக் கும்பல்களை மடக்கப் பயன்படும் கூட்டுச்சதிச் சட்டம் பள்ளி ஆசிரியர்கள் மீது பாய்ந்தது. பெரும்பாலோர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு பேர் மாதக்கணக்கில் நடந்த விசாரணையைச் சந்தித்தார்கள். 2015 ஏப்ரல் 1 அன்று, பதினோரு பேர் அந்தச் சட்டத்தின்கீழ் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது, ஒருவர் விடுதலை. நீதிமன்றத்திலேயே கைவிலங்கு. மேலதிகாரிகளாக இருந்த மூவருக்கு முதலில் ஏழாண்டுச் சிறை, சில நாட்களில் அது மூன்றாண்டாகக் குறைந்தது. வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞர்களில் ஒருவரான ஃபானி வில்லிஸ்தான், பின்னாளில் அதே சட்டத்தின்கீழ் டொனால்ட் டிரம்ப் மீது வழக்குத் தொடுத்தவர்.

ஹால் கடைசிவரை குற்றத்தை மறுத்தார். புற்றுநோயால் விசாரணைக்கு வர முடியாமல், தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்பு இறந்துபோனார்.

ஆசிரியர்களைக் கொள்ளைக்காரர்களைப் போல நடத்தலாமா என்று அன்றே கேள்வி எழுந்தது. எட்ட முடியாத இலக்கை வைத்த சட்டத்துக்கு எந்த நீதிமன்றமும் விலங்கு மாட்டவில்லை. அதை நாடாளுமன்றமே 2015 டிசம்பரில் வேறு சட்டத்தால் மாற்றியது. நூற்றுக்கு நூறு என்ற கெடு அதற்கு முந்தைய ஆண்டே எட்டப்படாமல் கடந்துபோயிருந்தது.

பிள்ளைக்கு என்ன நஷ்டம்?

மதிப்பெண் கூடத்தானே செய்தது, பிள்ளைக்கு என்ன கெட்டுவிட்டது என்று கேட்கத் தோன்றும். பின்தங்கிய பிள்ளைக்குத்தான் தனி வகுப்பு, கூடுதல் ஆசிரியர், மறுபடி சொல்லித்தரும் ஏற்பாடு எல்லாம். தாளில் தேறிவிட்ட பிள்ளைக்கு அவை கிடையாது. மகள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு திணறுவதைப் பார்த்த தாய் பள்ளிக்கு வந்து கேட்டால், மதிப்பெண் அட்டையைக் காட்டி அனுப்பிவிடலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இங்கே அது தோட்டத்தில் காய்க்க வேண்டியதையும் காய்க்க விடவில்லை.

பின்னாளில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு, விடை மாற்றப்பட்ட பிள்ளைகள் வாசிப்பிலும் மொழிப்பாடத்திலும் பின்தங்கியதைக் காட்டியது. கணக்கில் விளைவு அவ்வளவு தெளிவாக இல்லை. இன்னும் பள்ளியில் இருந்த அந்தப் பிள்ளைகளுக்காக நகரப் பள்ளி நிர்வாகம் 'இலக்கு 2021' என்ற துணைத் திட்டத்தைத் தொடங்கியது. தேர்வு நடந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு வந்த தனி வகுப்பு அது. தொடக்கப் பள்ளியில் எழுத்துக் கூட்டத் திணறிய பிள்ளை அதற்குள் உயர்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்டிருந்தது.

இதில் ஒரு வேதனையும் உண்டு. அமெரிக்க மத்திய அரசு இன்னொரு தேர்வு நடத்துகிறது. சில பிள்ளைகளை மட்டும் மாதிரியாக எடுப்பார்கள். பள்ளியின் பெயரோ ஆசிரியர் பெயரோ வெளிவராது. பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை. அதில் அட்லாண்டாப் பிள்ளைகள் அந்த ஆண்டுகளில் மெதுவாக, நிஜமாகவே முன்னேறியிருந்தார்கள். அந்த நிதானமான ஏற்றத்துக்கு விளையாட்டரங்கில் இருக்கை ஒதுக்க யாருமில்லை. எந்த அளவை வைத்துப் பரிசும் தண்டனையும் முடிவாகிறதோ, அந்த அளவே கெட்டுப்போகும் என்று சமூக அறிவியலாளர் டொனால்ட் கேம்பல் 1970களிலேயே எழுதிவைத்துவிட்டார்.

தேர்வே வேண்டாம் என்பதற்கு அட்லாண்டா சாட்சி இல்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு மேலிடத்தோடு பேச வேறு வழியில்லை. தப்பாக நிரப்பிய ஒரு வட்டம்தான், 'எனக்கு இது இன்னும் புரியவில்லை' என்று அது அரசாங்கத்துக்கு எழுதும் மனு. அந்த மனுவைப் படித்து உதவி அனுப்புவதற்காகத்தான் தேர்வு. மனுவோடு வாத்தியாரின் சோற்றையும் சேர்த்துக் கட்டினால், மனு போய்ச் சேராது.

அந்தத் தாள் கட்டுகளில் இருந்த நிழல்கள் எல்லாமே திருட்டு நிழல்கள் என்றும் சொல்லிவிட முடியாது. பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்து, முதலில் போட்டது தப்பென்று தானே கண்டுபிடித்து, அழித்துச் சரியாகப் போட்ட பிள்ளையும் ஒன்றிரண்டு இருந்திருக்கும். அந்த நிழல் எது என்று ஸ்கேனருக்குத் தெரியாது.