உப்பு: அளவு தெரிந்தால் மருந்து

இடம்பெயர்ந்து போகும் குடும்பம் எதை விட்டுப் போனாலும், போய்ச் சேர்ந்த இடத்தில் அடுப்பு மூட்டும் அன்றே உப்பைத் தேடும். நெல் மூட்டையையும் மாடு கன்றையும் இறைப்பு இயந்திரத்தையும் இழந்தவர்கள்கூட ஒரு பிடி உப்பை எப்படியாவது பெற்றுக்கொள்வார்கள். விலை குறைந்த பொருள் என்பதால் அதை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. கறிக்குப் போடுவதோடு அதன் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் அதே உப்பு பிள்ளையின் உயிரைக் காக்கும். விதைநெல்லைத் தெரிவு செய்து தரும். மீனைப் பழுதாகாமல் வைத்திருக்கும். அதற்கு அளவு தெரிந்திருக்க வேண்டும்.

உப்பு என்பது என்ன?

சோடியம் என்னும் உலோகமும் குளோரின் என்னும் வாயுவும் சேர்ந்த சேர்வையே உப்பு. இதன் இரசாயனப் பெயர் சோடியம் குளோரைட்டு. தனியாக இருந்தால் சோடியம் தண்ணீர் பட்டதும் கொதித்துத் தீப்பற்றும். குளோரின் நச்சு வாயு. இரண்டும் சேர்ந்தபின் நாம் உண்ணும் உப்பாகிறது.

கடல்நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலிலும் காற்றிலும் வற்றவிட்டால் உப்பு விளையும். ஆனையிறவில் இப்படித்தான் விளைகிறது. போரினால் 1990இல் மூடப்பட்ட அந்த உப்பளம், போர் முடிந்து சில ஆண்டுகளின் பின் மீண்டும் இயங்கத் தொடங்கியது.

உப்பின் முக்கிய குணம் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உப்பு தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். அதன் நன்மைகள் பலவும் தீமைகள் பலவும் இந்தக் குணத்திலிருந்தே வருகின்றன.

வயிற்றோட்டத்தின்போது

பலர் நெருங்கி வாழும் இடங்களில் தண்ணீர் அசுத்தமானால் முதலில் வருவது வயிற்றோட்டம். பிள்ளையின் உயிருக்கு ஆபத்து உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வெளியேறுவதால் உண்டாகிறது. வெறும் தண்ணீர் அந்த இழப்பை ஈடுசெய்யாது. சிறிதளவு சீனி சேரும்போது குடல் உப்பை உள்ளே எடுத்துக்கொள்கிறது. உப்பின் பின்னால் தண்ணீரும் போகிறது.

இது அகதி முகாமில் நிரூபிக்கப்பட்ட உண்மை. 1971இல் வங்காளதேசப் போரினால் இலட்சக்கணக்கானோர் இந்தியாவின் மேற்கு வங்காளத்துக்கு ஓடிவந்தார்கள். பொங்காவ்ன் என்ற இடத்தில் வாந்திபேதி பரவியது. நரம்பில் ஏற்றும் சேலைன் போதவில்லை. அங்கு பணியாற்றிய டாக்டர் திலீப் மகாலனாபிஸ், உப்பு, அப்பச்சோடா, குளுக்கோஸ் மூன்றையும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் நோயாளிகளின் தாய்மாரும் உறவினருமே. நூற்றுக்கு 30 பேரளவில் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, அவருடைய குழுவின் பராமரிப்பில் இருந்தவர்களுள் இறப்பு நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவாயிற்று.

இன்று ‘ஜீவனி’ பக்கற் கிடைக்கிறது. அதுவே மிகச் சிறந்தது. பக்கற்றில் குறித்த அளவு தண்ணீரில் முழுவதையும் கரையுங்கள். வேறு உப்போ சீனியோ சேர்க்க வேண்டாம். பக்கற் கைவசம் இல்லாதபோது வீட்டிலேயே இப்படிச் செய்யலாம்:

1. கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.
2. கொதித்தாறிய தண்ணீர் 1 லீற்றர் எடுங்கள்.
3. சீனி 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி இடுங்கள். கரண்டியில் குவியலாக எடுக்காமல் விளிம்போடு மட்டமாக வழித்து எடுங்கள்.
4. நன்றாகக் கலக்கி, முதலில் நீங்கள் சுவைத்துப் பாருங்கள். கண்ணீரைவிடக் கரித்தால் ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

ஒவ்வொரு முறை வயிற்றாலே போனபின்பும், 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கால் முதல் அரைக் கோப்பையும், மூத்த பிள்ளைக்கு அரை முதல் ஒரு கோப்பையும் சிறிது சிறிதாகப் பருக்குங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டியால் மெதுவாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. 24 மணி நேரத்துக்குப் பின் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள்.

கண் குழிவிழுந்தால், பிள்ளை சோர்ந்து குடிக்க மறுத்தால், மலத்தில் இரத்தம் கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கைக்குழந்தையானால் இந்த அடையாளங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

விதைநெல் தெரிவு

கடனாகவோ உதவியாகவோ கிடைத்த விதைநெல்லில் பதர் எவ்வளவு என்று கண்ணால் சொல்ல முடியாது. ஒரு வாளித் தண்ணீரில் புதிய கோழிமுட்டை ஒன்றை இடுங்கள். அது அடியில் தாழும். உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துவாருங்கள். முட்டை மேலே மிதந்து, ஒரு நாணயமளவு வெளியே தெரியும்போது நிறுத்துங்கள். முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டிக் கலக்குங்கள். பதரும் அரைமணியும் மிதக்கும். அவற்றை அள்ளி அகற்றுங்கள். தாழ்ந்த நெல்லே நல்ல விதை.

அந்த நெல்லை உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். உப்பு தங்கினால் விதைக்குப் போக வேண்டிய ஈரத்தை அது தடுக்கும்; முளை குறையும். அந்த உப்புத் தண்ணீரைத் தோட்டத்திலோ கிணற்றருகிலோ ஊற்றாதீர்கள்.

கருவாடும் ஊறுகாயும்

உப்பு மீனிலுள்ள நீரை வெளியே இழுப்பதால் கிருமிகள் பெருக முடிவதில்லை. குடலும் செவுளும் நீக்கிக் கழுவிய மீன் 3 கிலோவுக்கு உப்பு 1 கிலோ என்ற கணக்கில் அடுக்கி வைத்து, பின் நிலத்தில் படாமல் பந்தலில் காயவிடுங்கள். தேசிக்காய் ஊறுகாய்க்கும் மோர்மிளகாய்க்கும் காரணம் இதுவே.

கவனிக்க வேண்டியவை

• பூச்சிமருந்து குடித்தவருக்கு உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்கப் பண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. இது மிகவும் ஆபத்தானது. அந்த உப்பே உயிரைப் பறிக்கலாம். தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மருந்துப் போத்தலையும் கொண்டுபோங்கள்.

• அயடீன் குறைந்தால் கழுத்தில் கழலை உண்டாகும். வயிற்றில் வளரும் சிசுவின் மூளையும் பாதிக்கப்படும். இதற்காகவே 1995இல் இலங்கையில் உணவு உப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டமாக்கப்பட்டது. அயடீன் சேர்த்த கல்லுப்பைக் கழுவினால் அயடீனும் போய்விடும். மூடியுள்ள பாத்திரத்தில், ஈரமும் வெயிலும் படாமல் வைத்து, கறி இறக்கும் தறுவாயில் போடுங்கள்.

• வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும். அது ஏறக்குறைய மட்டமான ஒரு தேக்கரண்டி. கருவாட்டிலும் ஊறுகாயிலும் உள்ளதும் இந்தக் கணக்கில் சேரும். கூடினால் குருதி அமுக்கம் ஏறும்.

உப்புப் போத்தலுக்குள் ஒரு தேக்கரண்டியைப் போட்டுவையுங்கள். மட்டமாக வழித்தெடுக்க வீட்டிலுள்ள மூத்த பிள்ளைக்கும் பழக்கிவிடுங்கள். தாய் கூலிவேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் தம்பிக்கு வயிற்றோட்டம் வந்தால், அந்த அரைக் கரண்டி அளவு தெரிந்த அக்காவே அவனைக் காப்பாற்றுவாள்.