ஆலும் வேலும்: ஈறு நலத்தில் துவர்ப்பும் குச்சியும்

ஆய்வுச்சுருக்கம்
ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி தரும் என்பது தமிழர் வழக்கு. அவ்வுறுதி மரத்தின் சாற்றால் மட்டும் வருவதன்று. குச்சியின் நாரால் தேய்ப்பதும் அதன் இன்றியமையாத கூறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. மூலிகைப் பொடியை விரலால் தடவும் வழக்கில் நாம் இழப்பதையும், மூலிகையின் எல்லையையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: ஈறு, துவர்ப்பு, பல்குச்சி, பற்படிவு, கருவேல், திரிபலா.

முன்னுரை
பல்லைப் பற்றி நிறுத்துபவை ஈறும் தாடை எலும்பும் அவற்றை இணைக்கும் நார்களுமே ஆகும். ஆதலின் பல்லுறுதி பற்றிய பழமொழியை ஈறு நலம் பற்றிய கூற்றாகவும் கொள்ளலாம்.

வேல் என்பது எது?
வெள்வேல், குடைவேல், கருவேல் எனப் பல மரங்கள் வேல் என்னும் பெயர் பெறும். பல்குச்சிக்குப் பெரிதும் பயன்படுவது கருவேல். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேல், பெயரால் நெருங்கியதாயினும் வேறு பேரினத்தைச் சேர்ந்தது. பழமொழியை விளக்குவோர் இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

துவர்ப்பின் செயல்
ஆலம்பட்டை, கருவேலம்பட்டை, கடுக்காய் ஆகியவற்றின் பொதுச்சுவை துவர்ப்பு. அச்சுவைக்குக் காரணம் டானின் என்னும் வேதிப்பொருள். இது புரதங்களோடு பிணையும் இயல்புடையது. அதனால் ஈற்றின் மேற்பரப்பு சற்றே இறுகுகிறது. சிறு குருதிக்கசிவு குறைகிறது. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் சேர்ந்த திரிபலாக் குடிநீரால் வாய் கொப்பளிக்கும் சித்த மருத்துவ முறையின் அடிப்படையும் இதுவே எனலாம்.

குச்சியின் செயல்
ஈறு நோயின் முதன்மைக் காரணம், பல்லும் ஈறும் கூடும் விளிம்பில் நுண்ணுயிரிகளால் உருவாகும் பற்படிவு. 1965இல் ஹரால்டு லோவும் உடன் ஆய்வாளர்களும் டென்மார்க்கில் நிகழ்த்திய ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. நல்ல ஈறுடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் அது மறைந்தது.

இப்படிவு வாய் கொப்பளிப்பதால் மட்டும் நீங்காது. தேய்த்தே அகற்ற வேண்டும். குச்சியின் நுனியை மென்றால் நார்கள் பிரிந்து தூரிகையாகின்றன. அப்போதே சாறும் ஊறுகிறது. ஒரே செயலில் தேய்ப்பும் துவர்ப்பும் கிடைக்கின்றன. பல்லுக்கும் பாத்திரத்திற்கும் துலக்குதல் என்னும் ஒரே வினையைத் தமிழ் வழங்குவது இங்கு எண்ணத்தக்கது. அச்சொல் தேய்த்து மாசகற்றுவதையே குறிக்கிறது; மருந்து பூசுவதை அன்று.

இன்றைய வழக்கும் மூலிகையின் எல்லையும்
பட்டையைப் பொடியாக்கி விரலால் தடவும்போது துவர்ப்பு எஞ்சுகிறது. நாரின் தேய்ப்பு குறைகிறது. விரல் பல்லிடுக்கினுள் நுழையாது. இதில் மற்றோர் இடரும் உண்டு. ஈற்றில் குருதி வடிதல் நோயின் எச்சரிக்கை. துவர்ப்பு கசிவை அடக்கினாலும் படிவு அங்கேயே இருக்கும். நோய் தணிந்ததாக எண்ணி மருத்துவரை நாடாதோர் பல்லையே இழக்க நேரலாம். கிராம்பு எண்ணெய் வலியை மரத்துப்போகச் செய்வதும் இத்தகையதே.

படிவு சுண்ணாம்புச் சத்தேறிக் காரையாக இறுகிய பின்னர் எக்குச்சியும் எப்பொடியும் அதனை நீக்கா. பல் மருத்துவரே கருவி கொண்டு அகற்றவேண்டும். செங்கற்பொடியும் மணலும் பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும். மரபு என்னும் பெயரில் வழங்குவன யாவும் நன்மை தருவன அல்ல. புகையிலை கலந்த பற்பொடிகளை இந்திய அரசு 1992இல் தடைசெய்தமை இதற்குச் சான்று.

முடிவுரை
பழமொழி மரங்களின் பெயரை மட்டுமே சொல்கிறது. குச்சியை மென்று துலக்கும் செயலைச் சொல்லாமல் விடுகிறது. அன்று அச்செயல் அனைவரும் அறிந்ததாகலின் சொல்லவேண்டிய தேவை எழவில்லை. இன்று அதனைச் சேர்த்துச் சொல்லாவிடில் மரபின் பாதியே மாணவரைச் சென்றடையும். ஆலும் வேலும் நாள்தோறும் ஈற்றைக் காக்கத் துணைநிற்பவை; முற்றிய நோய்க்கு மாற்று மருந்தாகா.