உங்களுக்குத் தெரியுமா? கொல்லைப்புறத்துக் கில்லாடிகள்!

நாலு ஆடு, பத்துக் கோழி, மாமரத்தடியில் ஒரு தேன்பெட்டி. உங்கள் கொல்லையில் இருப்பது இவ்வளவுதானா? அப்படியானால் உலக அதிசயங்களில் பாதி உங்கள் வீட்டில்தான் இருக்கிறது! நம்ப முடியவில்லையா? படியுங்கள்!

ஆட்டின் கண்ணை என்றைக்காவது உற்றுப் பார்த்ததுண்டா? கருமணி வட்டமாக இருக்காது. படுக்க வைத்த செவ்வகம்! தலையைத் திருப்பாமலே சுற்றிலும் 320 டிகிரி பார்த்துவிடும். பின்னால் குச்சியோடு வருகிறீர்களே, அதுவும் அதற்குத் தெரியும்!

ஆடு குனிந்து மேயும்போது அந்தச் செவ்வகம் சாய்ந்துவிட வேண்டும் அல்லவா? சாயாது! விழி குழிக்குள்ளேயே 50 டிகிரி உருண்டு, கருமணியைத் தரைக்கு இணையாகவே வைத்துக்கொள்ளும். தலை நிமிர்ந்தால் மறுபடி பழைய இடம்!

ஆட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் எத்தனை? பூஜ்யம்! கீழே மட்டும் 8. சந்தையில் வாயைத் திறந்து பார்த்து வயது சொல்கிறார்களே, அந்த எட்டை வைத்துத்தான். பால்பல் விழுந்து 2 பல் போட்டால் ஒரு வயது தாண்டியாயிற்று. 4 பல் என்றால் ஏறக்குறைய 2 வயது. 6 பல்லுக்கு 3. எட்டும் சேர்ந்துவிட்டால் 4! பிறந்த தேதியை வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறது ஆடு!

தூரத்தில் நிற்பது வெள்ளாடா, செம்மறியா? வாலைப் பாருங்கள்! தூக்கியிருந்தால் வெள்ளாடு, தொங்கினால் செம்மறி. உள்ளே போனால் வித்தியாசம் இன்னும் பெரிது. வெள்ளாட்டுக்குக் குரோமோசோம் 60, செம்மறிக்கு 54!

வெள்ளாட்டுப் பால் ஏன் அப்படி வெள்ளை வெளேரென்று இருக்கிறது? தழையில் இருக்கும் மஞ்சள் கரோட்டினை ஆட்டின் உடம்பு முழுவதுமாக வைட்டமின் ஏ ஆக்கிவிடுகிறது. பாலில் மஞ்சள் சொட்டுக்கூட மிஞ்சுவதில்லை!

ஆட்டு வயிற்றில் 4 அறைகள். ஆனால் குட்டி சப்பும் பால் முதல் மூன்றையும் எட்டிக்கூடப் பார்க்காது! சப்பத் தொடங்கியதும் தொண்டைக்குழாயின் முடிவில் ஒரு மடிப்பு குழாய்போலச் சுருண்டுகொள்ளும். பால் நேரே நாலாவது அறைக்கு!

ஆட்டுக்கும் வட்டார வழக்கு உண்டு! லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012ல் கண்டுபிடித்தது இது. ஒரே கூட்டத்தில் வளரும் குட்டிகள் நாளாக ஆக ஒரே மாதிரிக் கத்தத் தொடங்குகின்றன!

இருமலுக்குக் கஷாயம் வைக்கிறோமே, ஆடாதோடை! எதையும் கடிக்கும் ஆடும் தொடாத இலை என்பதால் 'ஆடு தொடா' என்ற பெயர். இந்தப் பெயரை யார் எடுத்துக்கொண்டார் தெரியுமா? தாவரங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டிய ஸ்வீடன் மேதை லின்னேயஸ்! 1753லேயே 'ஜஸ்டிசியா அடதோடா' என்று எழுதிவிட்டார். நம் ஆட்டின் வாய்ருசி உலகத் தாவரப் பட்டியலில் ஏறிவிட்டது!

சூபாபுல் தழையில் ஒரு நஞ்சு உண்டு. ஆஸ்திரேலிய மாடுகள் அதை மேய்ந்து முடி கொட்டி வாடின. ஹவாய்த் தீவு ஆடுகளோ அதையே தின்று கொழுகொழுவென்று நின்றன! காரணம், அவற்றின் வயிற்றில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிர். 1980களில் ரே ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் அதைக் கொண்டுபோய் ஆஸ்திரேலிய மாடுகளின் வயிற்றில் விட்டார். மாடுகள் பிழைத்தன! அந்த நுண்ணுயிருக்கு இன்றைக்கு அவர் பெயர்தான்!

விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் போய்க் 'கன்னி இருக்கிறதா?' என்று கேட்டால், 'ஆடா, நாயா?' என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டுக்கும் அதே பெயர்! கன்னி ஆட்டிலும் முகத்தில் வெள்ளைக் கோடு ஓடினால் பால்கன்னி, செந்நிறக் கோடு என்றால் செங்கன்னி!

2019 கணக்கெடுப்புப்படி இந்தியாவில் வெள்ளாடுகள் எத்தனை? 14 கோடியே 88 லட்சம்!

போகட்டும், தேன்பெட்டியைத் திறப்போம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்!

ஆண் தேனீக்கு அப்பா கிடையாது! ராணி இடும் கருவுறாத முட்டையிலிருந்து வருகிறது அது. ஆனால் தாத்தா உண்டு, ஏனென்றால் ராணிக்கு அப்பா உண்டு! அதன் வம்சத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள். பெற்றோர் 1. பாட்டன் பாட்டி 2. அதற்கும் மேலே 3. அப்புறம் 5, 8, 13! முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது! கணக்குப் புத்தகத்து ஃபிபொனாச்சி வரிசை பெட்டிக்குள்ளேயே பறந்துகொண்டிருக்கிறது!

மார்த்தாண்டம் பக்கத்துத் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வந்ததே அல்ல! ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது, மூன்று இலைகளும் சேரும் காம்பின் நுனியில் தேன் சுரக்கும். தேனீக்கள் பூவை விட்டுவிட்டு இலையை மொய்க்கும். இலையில் எடுத்த தேன்!

நம் ஊர்த் தேன்பெட்டிக்கு 'நியூட்டன் பெட்டி' என்று பெயர். ஆப்பிள் விழுந்த நியூட்டன் அல்ல! 1910களில் தென்னிந்தியக் கிராமத்து மக்களுக்குத் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்த பாதிரியார் இவர். சட்டம் சட்டமாகக் கழற்றும் பெட்டியை 1851ல் அமெரிக்காவில் வடிவமைத்த லாங்ஸ்ட்ராத்தும் ஒரு பாதிரியார்தான்!

அந்த லாங்ஸ்ட்ராத்தின் ரகசியம் என்ன? வெறும் இடைவெளி! சட்டங்களுக்கு நடுவே சுமார் 9 மில்லிமீட்டர். குறைந்தால் தேனீ பிசின் வைத்து அடைத்துவிடும். கூடினால் அடை கட்டிவிடும். சரியாக இருந்தால் நடைபாதையாக விட்டுவிடும். உலகத் தேனீ வளர்ப்பே இந்த இடுக்கில்தான் நிற்கிறது!

பூ எங்கே இருக்கிறது என்று தேனீ ஆடிக் காட்டும்! இருட்டான அடையில் எட்டுப் போல வளைந்து வளைந்து ஆடும். நேர் மேலே பார்த்து ஆடினால் சூரியன் இருக்கும் திசையில் பற. வலப்பக்கம் 40 டிகிரி சாய்த்து ஆடினால் சூரியனுக்கு வலப்பக்கம் 40 டிகிரி. ஆட்டம் நீண்டால் தூரமும் நீளம்! இதைப் படித்தறிந்த கார்ல் வான் ஃபிரிஷுக்கு 1973ல் நோபல் பரிசு!

நம் அடுக்குத் தேனீ கொட்டாமலும் கொல்லும்! கூட்டுக்குள் புகுந்த குளவியை நூற்றுக்கணக்கில் சூழ்ந்து பந்தாகிவிடும். எல்லாம் சேர்ந்து உடம்பை நடுக்க, பந்துக்குள் சூடு 46 டிகிரி. குளவி வெந்து சாகும். தேனீக்கள் அந்தச் சூட்டைத் தாங்கிக்கொள்ளும்!

ஒரு டீஸ்பூன் தேன் என்பது சுமார் 12 தேனீக்களின் ஆயுள் உழைப்பு! தோசைக்கு ஊற்றும்போது நினைத்துக்கொள்ளுங்கள்!

தேன்பெட்டியை மூடிவிட்டு மற்ற வளர்ப்புகளையும் பார்ப்போம். காங்கேயம் மாட்டின் கன்று பிறக்கும்போது சிவப்பு! 6 மாதம் போனால் சாம்பல் நிறம். கன்றையும் தாயையும் பக்கத்தில் நிறுத்தினால் வெளியூர்க்காரர் சொந்தமென்றே நம்பமாட்டார்!

ராஜபாளையம் நாய் தபால்தலையில் ஏறிய ஆண்டு 2005!

முயல் தன் புழுக்கையைத் தானே தின்னும்! எல்லாவற்றையும் அல்ல. மென்மையான ஒரு வகையை மட்டும் உடம்பிலிருந்து வெளிவரும்போதே வாயில் வாங்கிக்கொள்ளும். அதில்தான் பி வைட்டமின்கள்!

வாத்து ஒரு கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். மூளையில் பாதி தூக்கம், பாதி காவல்! அதிலும் வரிசையின் ஓரத்தில் படுத்த வாத்துதான் அதிகம் விழித்திருக்கும். சத்தமாகக் கத்துவது பெட்டை வாத்து. ஆணுக்குக் கரகரத்த தொண்டை!

அடை வைக்கிறீர்களா? நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஜப்பானியக் காடைக்கு 17 அல்லது 18 நாள். கோழிக்கு 21. வாத்துக்கும் வான்கோழிக்கும் 28. மணிலா வாத்துக்கு 35! கோழிக்கு அடியில் வாத்து முட்டை வைத்தால் பாவம், கூடுதலாக ஒரு வாரம் உட்கார்ந்தே கிடக்கும்!

குஞ்சு பொரிவதற்கு முன்பே தாயும் பிள்ளையும் பேசிக்கொள்வார்கள்! கடைசி நாளில் முட்டையைக் காதருகே வைத்துப் பாருங்கள். உள்ளே 'கீச்' என்னும். அடைக்கோழி பதில் சொல்லும்!

பொரிந்த குஞ்சு 2 நாள் இரையில்லாமல் தாங்கும். மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்து வைத்துக்கொண்டுதான் ஓட்டை உடைக்கிறது!

கோழி ஏன் தினமும் அதே நேரத்துக்கு முட்டை இடுவதில்லை? ஒரு முட்டை உருவாக 25 மணி நேரம் ஆகிறது. நாளோ 24 மணி நேரம்தான்! ஒவ்வொரு நாளும் தள்ளித் தள்ளிப் போய், ஒரு நாள் விடுமுறை!

வெள்ளைக்கழிச்சலுக்கு இரண்டு ஊர்ப் பெயர்கள்! நாம் சொல்வது ராணிக்கேத், இமயமலை ஊர். உலகம் சொல்வது நியூகாசில், இங்கிலாந்து ஊர். நோய் ஒன்றே! தடுப்பூசி உண்டு, தவறாமல் போடுங்கள். ஒரே வாரத்தில் கூண்டைக் காலி செய்யும் நோய் இது!

கடைசியாக ஒன்று. சேவல் வெளிச்சம் பார்த்துக் கூவுவதில்லை, உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தைப் பார்த்துக் கூவுகிறது! 2015ல் ஜப்பானியர்கள் இன்னொன்றும் கண்டார்கள். கூவுவதற்கு வரிசை உண்டு! நாளை விடியலில் எழுந்து கேளுங்கள். உங்கள் கொல்லையில் முதலில் கூவுவது எதுவோ, அதுதான் கூட்டத்துக்குத் தலைவன்!