மேக் ப்ரோ 2013: தொழில்முறைப் பயனர்களின் விவாதம்

மேக் ப்ரோ என்பது ஆப்பிள் நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய உயர்திறன் மேசைக் கணினி வரிசையின் பெயராகும். இவ்வரிசையில் 2013 ஜூன் 10 அன்று அறிவிக்கப்பட்ட உருளை வடிவ மாதிரி, திரைப்படத் தொகுப்பாளர்கள், ஒலிப்பொறியாளர்கள், முப்பரிமாண அசைவூட்டக் கலைஞர்கள், அறிவியல் ஆய்வாளர்கள் ஆகியோரிடையே நீண்ட விவாதத்தைக் கிளப்பியது. கணினியின் வேகம் மட்டும் இவ்விவாதத்தின் பொருளன்று. வாங்கிய பிறகு அந்தக் கணினியை எப்படி மாற்றி அமைத்துக்கொள்வது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் தயாரிப்பாளரா, பயனரா என்பதே அதன் மையக் கேள்வி. நான்கு ஆண்டுகள் கழித்து, அந்த வடிவமைப்பின் குறையை ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

பணிநிலையக் கணினி

வீட்டிலும் அலுவலகத்திலும் பயன்படும் சாதாரணக் கணினிக்கும் தொழில்முறைப் பணிநிலையத்துக்கும் வேறுபாடு உண்டு. பணிநிலையம் பல மணி நேரம் முழு வேகத்தில் இடைவிடாது இயங்க வேண்டும். இதில் நினைவகத்தில் தோன்றும் சிறு பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும் சிறப்பு நினைவகமும், இன்டெல் நிறுவனத்தின் சியான் போன்ற மையச் செயலகமும் இருப்பது வழக்கம். வேலையின் தேவை மாறும்போது புதிய வரைகலை அட்டை, கூடுதல் வன்தட்டு, ஒலிப்பதிவு அட்டை போன்றவற்றை உள்ளே பொருத்திக்கொள்ள இடமும் இருக்கும். ஒரு பணிநிலையத்தை வாங்கும் படத்தொகுப்புக் கூடம் அதை ஐந்தாறு ஆண்டுகள் பயன்படுத்த எண்ணியே பணம் போடுகிறது. ஆகவே வாங்கும் நாளில் உள்ள வேகத்தைப் போலவே, பின்னாளில் கூட்டிக்கொள்ளக்கூடிய வேகமும் அதற்கு முக்கியம்.

பின்னணி

2013-க்கு முந்தைய மேக் ப்ரோ, அலுமினியத்தால் ஆன பெரிய கோபுரப் பெட்டியாக இருந்தது. அதன் உயரம் சுமார் 51 செ.மீ., எடை 18 கிலோவுக்கு மேல். அதனுள் நான்கு விரிவாக்கப் பொருத்துவாய்களும் நான்கு வன்தட்டு அறைகளும் இருந்தன. இரண்டு மையச் செயலகங்கள் கொண்ட வகையும் கிடைத்தது. பக்கக் கதவைத் திறந்தால் பெரும்பாலான பாகங்களை எளிதில் மாற்ற முடியும்.

ஆனால் 2010-க்குப் பிறகு இக்கணினி பெரிய அளவில் புதுப்பிக்கப்படவில்லை. 2012-இல் செய்யப்பட்ட மாற்றம் மிகச் சிறியது. மின்விசிறிப் பாதுகாப்பு உள்ளிட்ட புதிய விதிகளுக்கு அது பொருந்தாததால், 2013 மார்ச் மாதம் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அதன் விற்பனை நின்றது.

மென்பொருளிலும் ஒரு கசப்பு இருந்தது. 2011-இல் ஆப்பிள் வெளியிட்ட ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் என்னும் படத்தொகுப்பு மென்பொருளில், பழைய பதிப்பின் கோப்புகளைத் திறக்க முடியவில்லை. பல கேமராக் காட்சிகளை ஒருங்கே தொகுக்கும் வசதியும் தொடக்கத்தில் இல்லை. தொழில்முறைப் பயனர்களை ஆப்பிள் கைவிடுகிறதோ என்ற ஐயம் அப்போதே எழுந்திருந்தது.

அறிவிப்பும் அமைப்பும்

சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மென்பொருள் உருவாக்குநர் மாநாட்டில் பில் ஷில்லர் புதிய கணினியை அறிமுகப்படுத்தினார். சுமார் 25 செ.மீ. உயரமும் 17 செ.மீ. விட்டமும் 5 கிலோ எடையும் கொண்ட கறுப்பு உருளை அது. பழைய பெட்டியின் கன அளவில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். நடுவில் முக்கோண வடிவ வெப்பக்கடத்தித் தூண் ஒன்று நின்றது. அதன் ஒரு பக்கத்தில் மையச் செயலகமும் மற்ற இரு பக்கங்களில் ஏஎம்டி நிறுவனத்தின் இரண்டு வரைகலை அட்டைகளும் ஒட்டியிருந்தன. மேலே இருந்த ஒற்றை மின்விசிறி கீழிருந்து காற்றை இழுத்து வெளியேற்றியது.

உள்ளே கூடுதல் அட்டை செருகவோ வன்தட்டுப் பொருத்தவோ இடமில்லை. அதற்கு மாற்றாக நொடிக்கு 20 ஜிகாபிட் வேகமுள்ள ஆறு தண்டர்போல்ட் 2 இணைப்புவாய்கள் தரப்பட்டன. வேண்டிய கருவிகளைக் கம்பி வழியாக வெளியே இணைத்துக்கொள்ளலாம் என்பது நிறுவனத்தின் எண்ணம். கணினி 2013 டிசம்பர் 19 அன்று விற்பனைக்கு வந்தது. தொடக்க விலை 2,999 டாலர். அறிவிப்புக்கும் விற்பனைக்கும் இடையிலான ஆறு மாதங்களில், கருவியைத் தொட்டுப் பார்க்காமலேயே விவாதம் சூடுபிடித்தது.

ஆதரித்தவர்களின் வாதங்கள்

படப்பிடிப்புத் தளத்திலேயே காட்சிகளைத் தொகுப்பவர்களுக்கு, பையில் வைத்துத் தூக்கிச் செல்லக்கூடிய பணிநிலையம் பெரும் வசதி. கணினி மிகக் குறைந்த ஒலியுடன் இயங்கியதால் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும் ஏற்றதாக இருந்தது. பெரிய கூடங்களில் காட்சிக் கோப்புகள் ஏற்கெனவே பொதுச் சேமிப்பகங்களில்தான் வைக்கப்பட்டிருந்தன. எனவே கணினிக்குள் வன்தட்டு இல்லாதது ஒரு குறையே அல்ல என்று இத்தரப்பினர் கூறினர். ஃபைனல் கட் ப்ரோ எக்ஸின் 10.1 பதிப்பு இரண்டு வரைகலை அட்டைகளையும் பயன்படுத்தும்படி எழுதப்பட்டதால், 4கே காட்சிகளை அது தடையின்றி ஓட்டியது.

எதிர்த்தவர்களின் வாதங்கள்

முதலாவது, வரைகலை அட்டை. என்விடியா நிறுவனத்தின் அட்டைகளில் மட்டுமே இயங்கும் கூடா என்னும் கணக்கீட்டு முறையை நம்பிப் பல மென்பொருள்கள் எழுதப்பட்டிருந்தன. ஆக்டேன் ரெண்டர் போன்ற காட்சியாக்க மென்பொருள் அன்று கூடா இல்லாமல் இயங்காது. பழைய கோபுரத்தில் என்விடியா அட்டையைச் செருகிக்கொள்ளலாம். புதிய உருளையில் அதற்கு வழியில்லை. அத்தகைய மென்பொருளை வைத்துத் தொழில் நடத்தியவர் மென்பொருளை மாற்ற வேண்டும், அல்லது கணினியை மாற்ற வேண்டும்.

இரண்டாவது, வெளி இணைப்புகளின் செலவு. அவிட் நிறுவனத்தின் ப்ரோ டூல்ஸ் எச்டிஎக்ஸ் ஒலி அட்டைகளை வைத்திருந்த ஒலிக்கூடங்கள், அவற்றைப் பொருத்தத் தனி விரிவாக்கப் பெட்டி வாங்க வேண்டியிருந்தது. வன்தட்டுகளுக்கு இன்னொரு பெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி மின்கம்பி என்று மேசை நிறைந்துபோகும் என அவர்கள் குறிப்பிட்டனர். கணினி சிறுத்தாலும் அதைச் சுற்றியுள்ள சாமான்கள் பெருகும் என்பது அவர்களின் கேலி. உருளையின் தோற்றத்தைப் பார்த்து வைத்த குப்பைத்தொட்டி என்ற பட்டப்பெயரும் நிலைத்துவிட்டது.

மூன்றாவது, காலப்போக்கில் மேம்படுத்தும் வாய்ப்பு. நினைவகத்தைப் பயனரே மாற்றலாம். மையச் செயலகத்தையும் முயன்றால் கழற்றலாம். ஆனால் வரைகலை அட்டைகள் அந்த உருளைக்கென்றே தனியாக வடிவமைக்கப்பட்டவை. கடையில் கிடைக்கும் அட்டை அதில் பொருந்தாது. வரைகலைத் தொழில்நுட்பம் விரைவாக வளரும் துறையில் இதுவே மிகப் பெரிய இடர் என்று அவர்கள் எச்சரித்தனர்.

வெப்பம் தந்த விடை

விவாதத்துக்கான விடை வெப்பத்திலிருந்து வந்தது. முக்கோணத் தூணின் மூன்று பக்கங்களும் ஏறத்தாழ ஒரே அளவு வெப்பத்தைத் தாங்கும்படி அமைந்திருந்தன. நடுத்தரத் திறனுள்ள இரண்டு வரைகலை அட்டைகளுக்கு அது போதும். வருங்கால மென்பொருள்கள் வேலையை இரண்டு அட்டைகளுக்கும் பகிர்ந்து கொடுக்கும் என்று ஆப்பிள் எதிர்பார்த்தது. நடந்ததோ வேறு. துறை முழுவதும் அதிக மின்சாரம் உண்ணும் பெரிய ஒற்றை அட்டையை நோக்கி நகர்ந்தது. அத்தகைய அட்டையின் வெப்பத்தை முக்கோணத்தின் ஒரு பக்கத்தால் வெளியேற்ற முடியாது. கணினியின் மொத்த மின்வழங்கியின் திறனே 450 வாட்தான்.

இதன் விளைவாகக் கணினி ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. சில கணினிகளின் வரைகலை அட்டைகளில் பழுது ஏற்பட்டதால் 2016-இல் இலவசப் பழுதுநீக்கத் திட்டமும் அறிவிக்கப்பட்டது. 2017 ஏப்ரலில் ஆப்பிள் சில செய்தியாளர்களை அழைத்து, தங்கள் வடிவமைப்பே வெப்ப நிலையில் தங்களை ஒரு மூலைக்குள் தள்ளிவிட்டதாக ஒப்புக்கொண்டது. முழுவதும் புதிய மேக் ப்ரோ உருவாகிவருவதாகவும் அது அந்த ஆண்டில் வராது என்றும் தெரிவித்தது. அறிவிக்கப்படாத பொருளைப் பற்றி வாய் திறவாத நிறுவனம் அது என்பதால், இந்த ஒப்புதல் வியப்புடன் பார்க்கப்பட்டது. அதற்குள் பலர் விண்டோஸ் பணிநிலையங்களுக்கு மாறியிருந்தனர்.

2019 மாதிரியும் அதற்குப் பின்னும்

2019 ஜூன் 3 அன்று அறிவிக்கப்பட்ட மேக் ப்ரோ மீண்டும் கோபுர வடிவத்துக்குத் திரும்பியது. எட்டு விரிவாக்கப் பொருத்துவாய்கள், 28 கோர் வரையிலான மையச் செயலகம், 1.5 டெராபைட் வரையிலான நினைவகம், 1,400 வாட் மின்வழங்கி என 2013-இல் கேட்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை அதில் கிடைத்தன. கூடா முறைக்கான வழி மட்டும் திறக்கவில்லை.

இம்முறை விவாதம் விலையைப் பற்றி எழுந்தது. தொடக்க விலை 5,999 டாலர். அதில் தரப்பட்ட சேமிப்பகமோ வெறும் 256 ஜிகாபைட். உடன் அறிவிக்கப்பட்ட திரைக்கு 4,999 டாலர், அதன் தாங்கிக்குத் தனியே 999 டாலர். பெரிய திரைப்படக் கூடங்கள் இதை வழக்கமான செலவாகக் கருதின. தனியாகத் தொழில் செய்பவர்களோ தங்களுக்கான கணினி விலையால் எட்டாமல் போய்விட்டது என்று வருந்தினர்.

2020-இல் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறத் தொடங்கியது. 2023-இல் வந்த எம்2 அல்ட்ரா மேக் ப்ரோவில் பொருத்துவாய்கள் இருந்தும் தனி வரைகலை அட்டையைச் செருகிப் பயன்படுத்த முடியாது. நினைவகமும் சில்லுடன் இணைந்தது. அதன் உச்ச அளவு 192 ஜிகாபைட். 2013-இல் எழுந்த கேள்வி வேறு வடிவில் மீண்டும் எழுந்தது.

மதிப்பீடு

2013 விவாதத்தில் இரு தரப்பாரும் தத்தம் வேலையை வைத்தே பேசினர். சிறிய, அமைதியான கணினி வேண்டியவர்களுக்கு அந்த உருளை பல ஆண்டுகள் நன்கு உழைத்தது. எனினும், தொழில்நுட்பம் எந்தத் திசையில் செல்லும் என்ற ஒரே ஊகத்தின்மேல் முழுக் கருவியையும் கட்டினால், அந்த ஊகம் பிசகும்போது பயனருக்கு வேறு வழி இருக்காது என்ற எச்சரிக்கை மெய்யானது. காலியாக விடப்பட்ட ஒரு பொருத்துவாய், இன்று பயன்படாவிட்டாலும், நாளைய தேவைக்கான இடமாகும். உயர்விலைக் கணினி வாங்குவோர் வேகக் கணக்கோடு இதையும் சேர்த்துப் பார்ப்பதற்கு 2013 மேக் ப்ரோ ஒரு முன்னுதாரணமாக உள்ளது.